சாவி யார் பையில் இருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் மனைவிகள் பூட்டிய அறைகளிலும் இருண்ட மாளிகைகளிலும் அடைபட்டுக் கிடக்கிறார்களே, அது கதைக்காக ஊதிப் பெருக்கியதா, பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும்.

கிளம்பிப் போக என்னென்ன வேண்டும்? வழிச்செலவுக்குக் காசு, தங்க ஓர் இடம், பிழைக்க ஒரு வேலை. பிள்ளை இருந்தால், கூட்டிப் போக அந்தப் பிள்ளை. 1850 வாக்கில் இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணுக்கு இந்த நான்கில் ஒன்றுகூடச் சட்டப்படி அவளுடையதாக இல்லை.

இந்தச் சட்ட நிலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘கவர்ச்சர்’. மூடி வைப்பது, போர்த்தி வைப்பது என்ற பொருளில் வந்த சொல். பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் 1765-ல் இதை விளக்கினார்: கல்யாணத்தோடு கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள். அந்த ஒரே ஆள் யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கொண்டுவந்த ரொக்கம், நகை, பாத்திரம், உடுத்தியிருக்கும் துணி எல்லாம் அவனுக்கு. அவளுக்கு நிலம் இருந்தால் அதன் வருமானமும் நிர்வாகமும் அவனுக்கு. அவள் வேலை செய்து சம்பாதித்தால் அந்தக் கூலியும் அவனுக்கே. அவன் சம்மதம் இல்லாமல் அவள் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது, உயில்கூட எழுத முடியாது. சீதனம் பெண்ணின் சொத்து என்ற எண்ணம் நம் பக்கத்தில் பேச்சளவிலாவது இருந்தது. அங்கே சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பேச்சும் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆன் பிரான்டே 1848-ல் எழுதிய ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலைப் படித்துப் பாருங்கள். அக்கா ஷார்லட்டின் ‘ஜேன் அயர்’ அளவுக்கு நம் ஊரில் இது பேசப்படவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு முதலில் படிக்க வேண்டிய நாவல் இதுதான்.

ஹெலன் தானே ஆசைப்பட்டு ஆர்தர் ஹன்டிங்டனைக் கட்டிக்கொள்கிறாள். குடிகாரன், பெண் பித்தன். அதையெல்லாம் வருடக்கணக்கில் சகிக்கிறாள். ஆனால் அவனும் அவன் சிநேகிதர்களும் பச்சைப் பிள்ளையான தன் மகனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து, கெட்ட வார்த்தை சொல்லப் பழக்கி, அதைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. (பிள்ளை குடியை வெறுக்க வேண்டும் என்று ஒயினில் குமட்டல் மருந்தைக் கொஞ்சம் கலந்து கொடுக்கும் அளவுக்குப் போகிறாள்.) மகனோடு அமெரிக்காவுக்குப் போய்விடலாம், அங்கே படம் வரைந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று ரகசியமாகத் திட்டம் போடுகிறாள். அந்தத் திட்டம் முழுவதையும் நாட்குறிப்பில் எழுதியும் வைக்கிறாள்.

ஒரு சனவரி இரவு. வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னால் அவன் வந்து நிற்பது தெரியவில்லை. நாட்குறிப்பைப் பிடுங்கி, நெருப்பருகே உட்கார்ந்து நிதானமாகப் படிக்கிறான். அப்புறம் சாவிக்கொத்தைக் கேட்கிறான். மேசைச் சாவி, பெட்டிச் சாவி, இழுப்பறைச் சாவி எல்லாம் அவன் பைக்குள் போகின்றன. நூலகத்தில் ஒரு மூலையில், நாளைய வேலைக்குத் தயாராக, துணி போட்டு மூடிய வண்ணங்கள் இருக்கின்றன. மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பில் போடுகிறான். வண்ணத்தட்டு, தூரிகைகள், வார்னிஷ். வண்ணம் கலக்கும் கத்திகளை இரண்டாக உடைக்கிறான். எண்ணெயும் டர்பென்டைனும் சீறிக்கொண்டு புகைபோக்கியில் ஏறுகின்றன. பிறகு மணி அடித்து வேலைக்காரனைக் கூப்பிட்டு, படம் வரையும் சட்டங்களையும் எடுத்துப் போகச் சொல்கிறான். வேலைக்காரி அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளட்டும், உங்கள் எசமானிக்கு இனி இது தேவைப்படாது.

முதல் தடவை படித்தபோது இதை ஒரு முரடனின் வெறியாட்டம் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். கவர்ச்சர் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் காட்சியின் குளிர் உறைத்தது. சட்டப்படி அவன் எரித்தது அவளுடைய பொருளை அல்ல. தன் பொருளை. தன் வீட்டு விறகை எரிப்பதற்கும் இதற்கும் நீதிமன்றத்தில் வித்தியாசம் இல்லை. அவன் முரடன்தான், ஆனால் அந்த இரவு அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. சட்டத்தை மீற இருந்தவள் அவள்தான், ஏனென்றால் பிள்ளையின் மீது முழு உரிமையும் தகப்பனுக்கு. இந்தக் காட்சி நடப்பது 1827-ல். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லி ஒரு தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதே 1839-ல்தான் வந்தது.

கொஞ்ச மாதம் கழித்து ஹெலன் தப்பித்துவிடுகிறாள். வைல்ட்ஃபெல் ஹால் என்ற பாழடைந்த வீட்டில், தன் தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, விதவை என்று சொல்லிக் குடியிருக்கிறாள். படம் வரைந்து லண்டனுக்கு விற்க அனுப்புகிறாள். அந்தப் படங்களில் இடத்தின் பெயரை மாற்றி, வேறு ஊர் என்று எழுதுகிறாள். கையெழுத்துக்குப் பொய்யான முதலெழுத்துகள். கணவன் கண்டுபிடித்தால் மகனும் போவான், படம் விற்ற காசும் அவனுக்குப் போகும். ஊர்க்காரர்கள் அவளைச் சந்தேகமாகப் பார்த்து வம்பு பேசுகிறார்கள். ஆக, வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் அவள் அடைபட்டுத்தான் இருக்கிறாள், மாளிகை மட்டும் வேறு. அவள் நடந்து போகும் எந்த ஊரிலும் சட்டம் அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது.

கடைசியில் கணவன் சாகக் கிடக்கும்போது பணிவிடை செய்ய அவள் திரும்பிப் போவது பல வாசகர்களுக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகனை அவன் கண்ணில் காட்டுவதற்கு முன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறாள்: பிள்ளை என் பொறுப்பில்தான் இருப்பான் என்று. பரிவோடு வந்தவள், ஆனாலும் பத்திரத்தோடு வந்திருக்கிறாள். இப்படி எழுதிய ஆன் பிரான்டே அடுத்த வருடம், 1849 மே மாதம், 29 வயதில் இறந்துபோனார். அந்தக் கதைப்பொருளைத் தேர்ந்ததே தவறு என்று அக்கா ஷார்லட்டே பின்னால் எழுதினார்.

கதையில் கொஞ்சம் மிகை இருக்கிறதோ என்று தோன்றினால், நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். கரோலின் நார்ட்டன் ஓர் எழுத்தாளர், மூன்று ஆண் பிள்ளைகளின் தாய். கணவன் ஜார்ஜ் நார்ட்டன் 1836-ல், தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்ததாகப் பிரதமர் மெல்பர்ன் பிரபு மீதே வழக்குப் போட்டான். வழக்கு அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றியது, ஆனால் அவள் அதில் கட்சிக்காரர் அல்ல. எனவே அவள் பேச இடமில்லை. ஜார்ஜ் தோற்றான். தோற்ற பிறகும் பிள்ளைகள் அவனிடமே இருந்தார்கள். அவள் கதை எழுதிச் சம்பாதித்த பணத்தையும் தன்னுடையது என்று கேட்டான். 1839 சட்டம் வந்ததில் அவளுடைய பிரசுரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சட்டத்தால் அவளுக்குப் பலன் இல்லை. 1842-ல் கடைசிப் பையன் குதிரையிலிருந்து விழுந்து படுத்தபோது தாமதமாகத்தான் தகவல் வந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டான்.

விவாகரத்து? 1857 வரை முழு விவாகரத்துக்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அந்த வழியில் விடுதலை வாங்கிய பெண்கள் மொத்தம் நான்கு பேர். 1857-ல் இதற்கென்று தனி நீதிமன்றம் வந்தது. அதிலும் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவை நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது மட்டும் போதாது. கொடுமை, கைவிட்டுப் போனது போல இன்னொரு குற்றமும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

பணக்காரர்களுக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வக்கீல் வைத்து ஒரு பத்திரம் எழுதி, பெண்ணின் பணத்தை அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்துவிடலாம். வில்கி காலின்ஸின் ‘தி உமன் இன் ஒயிட்’ (1859 நவம்பர் முதல் தொடராக வந்தது) பேய்க்கதை மாதிரி ஆரம்பித்தாலும், அதன் முதுகெலும்பு இந்தப் பத்திரத்தில் உள்ள ஒரே ஒரு ஷரத்துதான். லாரா ஃபேர்லி பிள்ளை இல்லாமல் இறந்தால் அவளுடைய 20,000 பவுண்டு கணவன் சர் பெர்சிவல் கிளைடுக்குப் போகும் என்று அவன் தரப்பு கேட்கிறது. குடும்ப வக்கீல் பதறுகிறார். கார்டியனான சித்தப்பாவோ, என் நரம்புகளைத் தொந்தரவு செய்யாதே என்கிற ரகம். ஒப்புக்கொண்டுவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து லாரா உயிரோடு இருப்பதைவிட இறந்தால் அவனுக்கு லாபம்.

அதில் ஒரு சின்னக் காட்சி. கணவன் ஒரு தோல் பத்திரத்தைக் கொண்டுவருகிறான், மடித்த நிலையில். கையெழுத்துப் போடும் வரி மட்டும் வெளியே தெரிகிறது. மீதி எல்லாம் அவன் உள்ளங்கைக்குக் கீழே. போடு என்கிறான். படித்துவிட்டுப் போடுகிறேன் என்கிறாள். பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறான். லாரா அந்த நாவல் முழுக்க எனக்குச் சலிப்பூட்டும் பாத்திரம், சொந்தமாக ஒன்றும் செய்யாத பொம்மை. ஆனால் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைக்கிறாளே, அதற்காக மன்னித்துவிடலாம். கையெழுத்துக் கிடைக்காததால் வேறு வழி: அவளைப் போலவே முகம் கொண்ட இன்னொரு பெண்ணின் பெயரில் இவளை மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள். அந்தப் பெண் இறந்ததும் லாராவின் பெயரைக் கல்லறையில் செதுக்கிவிடுகிறார்கள்.

இதுவும் வெறும் கற்பனைச் சரக்கு அல்ல. அதற்கு முந்தைய வருடம், 1858-ல், நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன், தேர்தல் மேடையருகே வந்து தன்னைத் திட்டிய மனைவி ரொசீனாவை மனநோய் விடுதியில் போட்டார். பத்திரிகைகளில் சத்தம் கிளம்பியதால் மூன்று வாரத்தில் ரொசீனா வெளியே வந்தார். அமெரிக்காவில் எலிசபெத் பேக்கர்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கணவர் பாதிரியார். மதக் கருத்தில் தன்னோடு ஒத்துப்போகாத மனைவியை 1860-ல் இல்லினாய்ஸ் மாநில மனநோய் விடுதிக்கு அனுப்பினார். மற்ற யாரை அனுப்பினாலும் புத்தி கலங்கியதற்குச் சாட்சியம் வேண்டும். கணவன் மனைவியை அனுப்புவதற்கு வேண்டாம் என்று அங்கே சட்டமே இருந்தது. மூன்று வருடம் கழித்து வீடு திரும்பியவரை, குழந்தைகள் அறையில் அடைத்து சன்னலை ஆணியடித்து மூடினார். ஒரு துண்டுக் காகிதம் எப்படியோ வெளியே போய், வழக்கு வந்தது. 1864-ல் அவருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்ய ஜூரிகளுக்கு ஏழு நிமிடம் போதுமானதாக இருந்தது.

‘ஜேன் அயர்’ (1847) பெர்த்தாவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டோடு வந்தவள், கணவனின் தார்ன்ஃபீல்டு மாளிகையின் மூன்றாம் மாடியில் பூட்டப்பட்டவள். அவள் பைத்தியம் என்று சொல்வது கணவன்தான். அவள் தரப்பை நாவல் கேட்கவே இல்லை. அதை ஜீன் ரிஸ் 1966-ல் ‘வைட் சர்காசோ சீ’ என்ற நாவலை எழுதி ஈடு செய்தார். என் கண்ணில் படுவது வேறு ஒன்று. பெர்த்தாவுக்குக் காவல் இருக்கும் கிரேஸ் பூல் ஜின் குடித்துவிட்டு அசந்து தூங்கும்போது, அவள் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டுதான் பெர்த்தா ஒவ்வொரு தடவையும் வெளியே வருகிறாள். எல்லோரும் பித்துப் பிடித்தவள் என்று சொன்ன பெண்ணுக்கு, சாவி யார் பையில் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சாவி விஷயத்தை நார்வே நாடகாசிரியர் இப்சன் இன்னும் சின்னதாக்கிக் காட்டுவார். ‘எ டால்ஸ் ஹவுஸ்’ 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் மேடையேறியது. நோரா பூட்டிய அறையில் இல்லை. கடைக்குப் போகிறாள், விருந்துக்குப் போகிறாள், மறைத்து வைத்து இனிப்பு தின்கிறாள். ஆனால் வாசல் தபால் பெட்டிச் சாவி கணவன் டோர்வால்டிடம் மட்டுமே. கணவனின் உயிரைக் காப்பாற்ற அவள் ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவிக்குக் கடன் கொடுக்கமாட்டார்கள் என்பதால் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள். அந்த ரகசியம் ஒரு கடிதமாக வந்து பெட்டிக்குள் விழுகிறது. கண்ணாடி வழியே தெரிகிறது, எடுக்க முடியவில்லை. கொண்டை ஊசியால் பூட்டை நோண்டியிருக்கிறாள். உடைந்த ஊசியை டோர்வால்ட் கண்டுபிடித்து, இது உன்னுடையதாயிற்றே என்கிறான். பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்கிறாள்.

எல்லோரும் நாடக முடிவில் அவள் சாத்திவிட்டுப் போகும் கதவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போவதற்கு முன் அவள் சாவிகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள். அந்த வீட்டில் அவள் கையில் இருந்தவை சாமான் அறைச் சாவிகள்தான். நோராவுக்கு மூலமான நிஜப் பெண் லாரா கீலர், இப்சனுக்குத் தெரிந்தவர். அவரும் நோயாளிக் கணவனுக்காகக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. கணவன்தான் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தான்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுப் போன மனைவியைத் திரும்ப வரச் சொல்லிக் கணவன் வழக்குப் போடும் முறை இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்திலிருந்து வந்தது. அதே சரக்கு பம்பாய்க்குக் கப்பலேறி வந்து ருக்மாபாய் மீது பாய்ந்தது. பதினோரு வயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்றார் அவர். 1885-ல் நீதிபதி பின்ஹி, இந்து சட்டத்தில் இப்படி ஒன்று இல்லை என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887-ல், கணவனிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பு. இங்கிலாந்திலேயே இதற்குச் சிறைத் தண்டனையை 1884-ல் ரத்து செய்திருந்தார்கள்! ருக்மாபாய் சிறையே மேல் என்றார். 1888-ல் கணவன் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினான். அவர் லண்டனில் படித்து டாக்டரானார். இங்கிலாந்து இந்த வழக்கு முறையை 1970-ல் அடியோடு ஒழித்துவிட்டது. நம்மிடம் இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவாக இன்னும் இருக்கிறது.

இங்கிலாந்தில் பூட்டு மெதுவாகத்தான் கழன்றது. 1870-ல் மனைவியின் கூலி அவளுக்கு, 1882-ல் சொத்தும் அவளுக்கு. 1891 வரை, மனைவியை வீட்டில் அடைத்து வைக்கும் உரிமை கணவனுக்கு உண்டு என்றே பலரும் நம்பினார்கள். 1840-ல் ஒரு நீதிபதி அப்படித் தீர்ப்பே கொடுத்திருந்தார். 1891 மார்ச்சில் கிளித்தரோ ஊரில் சர்ச்சை விட்டு வெளியே வந்த எமிலி ஜாக்சனை, கணவன் ஆட்களோடு வந்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் வீட்டில் அடைத்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி ஓர் உரிமை கிடையாது என்று அவளை விடுவித்தது.

அடுத்த வருடம், 1892 சனவரியில், அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ சிறுகதை வந்தது. இதில் கணவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சொத்தைப் பிடுங்கவில்லை. ஜான் ஒரு டாக்டர், அன்பானவன். பிள்ளை பெற்றபின் சோர்ந்து போயிருக்கும் மனைவிக்கு ஓய்வு வேண்டும் என்று, ஒரு பழைய மாளிகையின் மாடி அறையில் வைக்கிறான். சன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணியடித்த கட்டில். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது. அவள் ஏதாவது சொன்னால் செல்லமாகக் கொஞ்சி வாயை அடைத்துவிடுகிறான். அடித்தால் எதிர்க்கலாம், கொஞ்சுகிறவனை என்ன செய்வது? கில்மனுக்கே இந்த வைத்தியம் நடந்தது. 1887-ல் வெயர் மிட்செல் என்ற பிரபல டாக்டர், வீட்டோடு இரு, பேனாவையோ தூரிகையையோ பென்சிலையோ வாழ்நாளில் தொடாதே என்று சொல்லி அனுப்பினார். ஹெலனின் தூரிகைகளை ஹன்டிங்டன் அடுப்பில் போட்டான். இவர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கதைப் பெண் சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் கோலத்துக்குப் பின்னால் ஒருத்தி ஊர்ந்து திரிவதைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். கடைசி நாளில் அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு சாவியைச் சன்னல் வழியே கீழே எறிந்துவிடுகிறாள். ஜான் கதவை இடிக்கிறான், கோடாரி கேட்டுக் கத்துகிறான். அவள் மிக மென்மையான குரலில், சாவி வாசல் படி ஓரம் இலைக்கடியில் கிடக்கிறது என்கிறாள். (ஆங்கிலத்தில் ‘பிளான்டெய்ன்’ இலை என்று இருக்கும். வாழையிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையோடு தரையாக முளைக்கும் ஒரு களைக்கும் அங்கே அதே பெயர்.) அவனுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கடைசியில் போய்ப் பார்த்து, எடுத்து வந்து, திறக்கிறான். காகிதம் பெரும்பகுதி கிழிந்து கிடக்கிறது, அவள் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருக்கிறாள். ஜான் மயங்கி விழுகிறான், அதுவும் அவள் தவழும் பாதையின் குறுக்கே. ஒவ்வொரு சுற்றுக்கும் அவனைத் தாண்டி ஏறிப் போக வேண்டியிருக்கிறது.